திலாவா: கடல் கொண்ட பெயர்கள்

முன்னுரை

கடலில் மூழ்கிய கப்பல் ஒன்றின் பெயரைக் கூறுக என்று ஒருநாள் வகுப்பறையில் மாணவர்களைக் கேட்டோம். எல்லாரும் ஒருமித்துக் கூறிய பெயர் 'டைட்டானிக்'. அது மோதிய பனிப்பாறையையும், அதில் இறந்த செல்வர்களையும், இறுதிவரை இசைத்த இசைக்குழுவினரையும் மாணவர் நன்கு அறிந்திருந்தனர். 'திலாவா' என்னும் பெயரைக் கேள்வியுற்றவர் உண்டா என்று அடுத்து வினவினோம். வகுப்பில் விடையில்லை. அதற்காக மாணவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நாமும் அப்பெயரை அறியாதவரே.

திலாவா பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல். அதில் சென்ற பயணிகளுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அது மூழ்கியது இந்தியப் பெருங்கடலில். அதனால் மாண்டவர் 280 பேர். இத்துணை அருகில் நிகழ்ந்த ஒன்றை எங்ஙனம் மறந்தோம் என்னும் கேள்வியே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் வணிகக் கப்பல்கள் பட்ட பாட்டையும், அவற்றில் சென்று பிழைத்தோர் நிலையையும், மாண்டோர் நினைவு என்னாயிற்று என்பதையும் இக்கப்பலை முன்னிறுத்தி இங்கு ஆராய்வோம்.

கடல்வழிப் பயணத்தைக் 'கப்பலுக்குப் போதல்' என்றும் 'சபர்' என்றும் வழங்கும் கடற்கரை ஊர்களுக்கு இச்செய்தி அயலானதன்று. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் நெடுங்காலம் ஓடிய 'ராஜூலா' கப்பலை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். திலாவாவும் ராஜூலாவும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கழகம் என்னும் ஒரே நிறுவனத்தின் கப்பல்கள். ராஜூலாவில் பலமுறை சென்று வந்த நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "கப்பல் போய்ச் சேர்ந்துதுன்னு கடுதாசி வர்ற வரைக்கும் வீட்டுல அடுப்பு எரியும், தொண்டையில சோறு இறங்காது." கடிதம் வாராமலே போன வீடுகளைப் பற்றியதே இக்கட்டுரை.

பயணமும் பயணிகளும்

திலாவா 1924ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கட்டப்பட்டது. அதன் கொள்ளளவு 10,006 டன். பயணிகளையும் சரக்கையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் நீராவிக் கப்பல் அது. 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து மொம்பாசா, லொரன்சோ மார்க்கெஸ், டர்பன் ஆகிய ஆப்பிரிக்கத் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டது. லொரன்சோ மார்க்கெஸ் என்பது இன்று மொசாம்பிக் நாட்டின் தலைநகராகிய மபூட்டோ.

கப்பலில் இருந்தோர் 958 பேர். அவருள் 732 பேர் பயணிகள். 222 பேர் கப்பல் பணியாளர். 4 பேர் பீரங்கி வீரர். பயணிகளுள் குஜராத்தியர் மிகுதி. இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியரும் ஒரே தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தனர். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கடை வைத்திருந்தோர், தொழில் செய்தோர், அங்கே கணவரிடம் செல்லும் மனைவியர், தாயின் மடியில் கிடந்த குழந்தைகள் எனப் பலதிறத்தாரும் அதில் இருந்தனர்.

போர்க்காலத்தில் இவர்கள் ஏன் கடலேறினர் என்று கேட்கத் தோன்றும். கணவன் ஒரு கரையிலும் மனைவி மறு கரையிலுமாக இருந்த குடும்பங்கள் அவை. கடையைப் பிறர் பொறுப்பில் விட்டு வந்தவர் எத்தனை மாதம் காத்திருக்க இயலும்? விமானப் பயணம் எளியோர்க்கு எட்டாத காலம். கப்பல் ஒன்றே வழி. போர் எப்போது முடியும் என்று யாரும் அறியார்.

கப்பலின் அடித்தளத்தில் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு இருந்தது. அதனுள் 2,364 வெள்ளிக் கட்டிகளும் அடங்கும். நாணயம் அடிப்பதற்காகத் தென்னாப்பிரிக்க அரசு விலைகொடுத்து வாங்கியவை அவை. இவ்வெள்ளியைப் பற்றிப் பின்னர்க் கூறவேண்டியிருத்தலின் இவ்வெண்ணைப் படிப்போர் நினைவிற்கொள்க.

இரு தாக்குதல்கள்

துணைக்குப் போர்க்கப்பல் எதுவுமின்றித் திலாவா தனியே சென்றது. நவம்பர் 23 அதிகாலை 2 மணியளவில், சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 930 மைல் தொலைவில், ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அதன்மீது டார்ப்பிடோவை ஏவியது. உறக்கத்திலிருந்தோர் வெடிச்சத்தம் கேட்டு இருளில் மேல்தளத்துக்கு ஓடினர். தாயைக் குழந்தையும் குழந்தையைத் தாயும் கூட்டத்தில் தவறவிட்டனர். படகுகளை முறைப்படி இறக்கும் முன்னரே மக்கள் அவற்றில் முண்டியடித்து ஏறியதால் சில படகுகள் கவிழ்ந்தன. முதல் தாக்குதலில் இறந்தோர் பலர் இந்நெரிசலாலும் கவிழ்ந்த படகுகளாலும் இறந்தவரே.

ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை. காயம்பட்ட யானைபோல நீரில் நின்றது. படகுகளிலும் மிதவைகளிலும் இருந்தோர், கப்பல் பிழைத்துவிட்டது என்று கருதினர். நடுக்கடலின் இருளில் சிறு படகில் இருப்பதைவிடப் பழகிய கப்பலே பாதுகாப்பு என்று எண்ணுதல் மனித இயல்பு. அவ்வாறு எண்ணிப் பலர் கப்பலுக்குத் திரும்பத் தொடங்கினர்; ஏறியும் விட்டனர். அப்போது இரண்டாவது டார்ப்பிடோ பாய்ந்தது. இம்முறை கப்பல் விரைந்து மூழ்கியது. திரும்பி வந்தோருள் பலர் அதனோடு ஆழ்ந்தனர். கப்பலின் கம்பியில்லாத் தந்தி அதிகாரி தம் இடத்தைவிட்டு அகலாமல் உதவி கோரும் செய்தியை இறுதிவரை அனுப்பிக்கொண்டிருந்தார். அவரும் கப்பலோடு மறைந்தார்.

அவர் அனுப்பிய செய்தி வீண்போகவில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பலான 'பர்மிங்காம்' இரு நாட்களுக்குப் பின் அவ்விடத்தை அடைந்தது. படகிலும் மிதவையிலும் பலகையிலும் கிடந்தோரை ஒவ்வொருவராகத் தூக்கியெடுத்தது. ஒரு சிலரை 'கார்த்தேஜ்' என்னும் கப்பல் மீட்டது. பிழைத்தோர் 678 பேர். நவம்பர் 27 அன்று பர்மிங்காம் அவர்களைப் பம்பாயில் கொண்டுசேர்த்தது. ஏழு நாட்களுக்கு முன் வழியனுப்பிய அதே துறைமுகம். வழியனுப்பிய உறவினர் சிலர்க்குத் தம் மக்கள் மீண்டனர். 280 பேர் மீளவில்லை. அவர்க்குக் கல்லறையும் இல்லை, சுடுகாடும் இல்லை.

இக்கப்பலை 'இந்திய டைட்டானிக்' என்று சிலர் குறிப்பர். அப்பெயர் எளிதில் மனத்தில் பதியும் என்பது உண்மையே. எனினும் அது பொருத்தமன்று என்பது நம் கருத்து. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. திலாவாவை மூழ்கடித்தது மனிதர் எடுத்த முடிவு. அந்த முடிவும் ஒருமுறையன்று, இருமுறை எடுக்கப்பட்டது.

நீர் நடுவே நீர்வேட்கை

திலாவாவினர் இரு நாட்களில் மீட்கப்பட்டனர். மீட்பு வாராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இதற்கு விடைகூற மற்றொரு கப்பலைக் காண்போம். அதே 1942 நவம்பர் 23 அன்று, அட்லாண்டிக் பெருங்கடலில், 'பென்லோமண்ட்' என்னும் பிரிட்டிஷ் வணிகக் கப்பலை யு-172 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. இரு பெருங்கடல்களில், இரு வேறு நாட்டுக் கப்பற்படையினரால், ஒரே நாளில் நிகழ்ந்தவை இவை.

பென்லோமண்ட் இரண்டே நிமிடங்களில் மூழ்கியது. அதிலிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோருள் உயிரோடு எஞ்சியவர் ஒருவரே. சீனாவின் ஹைனான் தீவில் பிறந்த பூன் லிம் என்னும் 24 வயது இளைஞர் அவர். கப்பலில் உணவு பரிமாறும் பணி செய்தவர். இரண்டு மணி நேரம் நீரில் தத்தளித்தபின் எட்டடிச் சதுரமான மரத் தெப்பம் ஒன்று அவர் கைக்கு எட்டியது. அதில் சில டின் பிஸ்கட்டும், சர்க்கரைக் கட்டியும், சிறிதளவு குடிநீரும், ஒரு டார்ச் விளக்கும் இருந்தன. அவற்றைக் கொண்டு அவர் 133 நாட்கள் கடலில் உயிர்வாழ்ந்தார்.

கடலில் மிதப்போனைப் பசியைவிட விரைவாகக் கொல்வது தாகம். சுற்றிலும் நீர் இருந்தும் அதைக் குடித்தல் ஆகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மனிதச் சிறுநீரகம் ஒரு லிட்டர் சிறுநீரில் வெளியேற்ற வல்ல உப்பு ஏறத்தாழ 20 கிராமே. ஆகவே ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தவன் அதன் உப்பை வெளியேற்ற உடலிலுள்ள நீரையும் சேர்த்து இழக்கிறான். குடிக்கக் குடிக்க உடல் வறளும். வறள வறள வேட்கை பெருகும். இறுதியில் அறிவு திரிந்து பித்துப் பிடிக்கும். மீட்கப்பட்ட படகுகளின் கதைகளில் இரவில் எழுந்து கடலில் இறங்கி நடந்துபோனவரைப் பற்றிக் கேட்கிறோம். அவருட் பலர் கடல்நீர் குடித்தவரே.

பூன் லிம் இதை உணர்ந்து ஒழுகினார். உயிர்காப்பு உடையின் துணியை விரித்து மழைநீரைப் பிடித்தார். டார்ச் விளக்கின் உள்ளிருந்த கம்பியை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். சணற்கயிற்றின் புரியைப் பிரித்துத் தூண்டிற் கயிறாக்கினார். பலகையிலிருந்த ஆணியைப் பிடுங்கிப் பெரிய மீனுக்கு முள்ளாக்கினார். பிடித்த மீனை வெயிலில் கருவாடாக்கி நாளைக்கென்று வைத்தார். கைகால் செயலற்றுப் போகாதிருக்கக் கடல் அமைதியாக இருந்த வேளைகளில் தெப்பத்தைச் சுற்றி நீந்தினார். நாட்களை முதலில் கயிற்றில் முடிச்சிட்டு எண்ணினார். பின்னர் முழுநிலவுகளைக் கொண்டு எண்ணினார்.

ஒரு சரக்குக் கப்பல் அவர் கண்முன்னே கடந்து சென்றது. அவர் கையசைத்துக் கூவியும் அது நிற்கவில்லை. தம் முகத்தைக் கண்டு பகைவன் எனக் கருதியிருப்பர் என்று அவர் பின்னாளில் எண்ணினார். 1943 ஏப்ரல் 5 அன்று பிரேசில் நாட்டுக் கரையருகே மீனவக் குடும்பம் ஒன்று அவரைக் கண்டு படகில் ஏற்றிக்கொண்டது. உதவி தேவையின்றி அவரால் நடக்க முடிந்தது. தெப்பத்தில் இத்தனை நாள் தனித்துப் பிழைத்தவர் வேறெவரும் இல்லை என்று பிறர் பாராட்டியபோது, அச்சாதனையை முறியடிக்கும் நிலை இனி யார்க்கும் வரவேண்டாம் என்று அவர் விரும்பினாராம். அவர் கையாண்ட வழிகளைப் பிரிட்டிஷ் கப்பற்படை தன் உயிர்காப்புக் கையேட்டில் சேர்த்துக்கொண்டது.

நாட்டுரிமையும் செல்வமும் கல்வியும் அற்ற நிலையில் மனிதனை நிறுத்தி வைத்தால் அவனிடம் எஞ்சுவது என்ன என்பதற்குப் பூன் லிம் ஒரு சான்று. ஆனால் அவரை வியக்குங்கால் ஓர் எச்சரிக்கை தேவை. பிழைத்தவர் திறமையுடையவர், மாண்டவர் திறமையற்றவர் என்று கொள்ளல் தவறு. பூன் லிம்முக்குத் தெப்பம் எட்டியது, உடனிருந்தோர்க்கு எட்டவில்லை. திலாவாவில் குழந்தையைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு இறங்கிய தாய்க்குத் திறமை குறைவென்று யார் கூறுவர்?

விதியும் மீறலும்

ஆயுதமற்ற மக்கள் செல்லும் கப்பலை முன்னறிவிப்பின்றி மூழ்கடிக்கலாமா? கூடாது என்று போருக்கு முன்னரே உலக நாடுகள் உடன்பட்டிருந்தன. 1936ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கை, பயணிகளையும் மாலுமியரையும் கப்பலின் ஆவணங்களையும் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பின்னரே வணிகக் கப்பலை நீர்மூழ்கி அழிக்கலாம் என்றது. கரையோ வேறு கப்பலோ அருகில் இல்லாதபோது கப்பலின் படகுகளைப் பாதுகாப்பான இடமாகக் கருதலாகாது என்றும் அது விளக்கியது. பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி ஆகியன இவ்விதியை ஏற்றவையே.

போர் மூண்டதும் அனைத்துத் தரப்பினரும் இதனைக் கைவிட்டனர். வணிகக் கப்பல்களில் பீரங்கி பொருத்தப்பட்டது. நீர்மூழ்கியைக் கண்டால் தந்தி கொடுக்குமாறும் மோதுமாறும் ஆணை தரப்பட்டது. அதனால் அவை போர்க்கருவிகளே என்று எதிரி வாதிட்டான். 1942 செப்டம்பரில் நிகழ்ந்தது இதன் உச்சம். 'லக்கோனியா' என்னும் கப்பலை மூழ்கடித்த ஜெர்மானிய நீர்மூழ்கி, அதில் இத்தாலியக் கைதிகள் இருப்பதை அறிந்து செஞ்சிலுவைக் கொடி விரித்துப் பிழைத்தோரை மீட்கத் தொடங்கியது. அந்நிலையில் அமெரிக்க விமானம் ஒன்று அதன்மீது குண்டு வீசியது. இனி மூழ்கிய கப்பலினரை மீட்க முயலவே கூடாது என்று ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத்தலைவர் டோனிட்ஸ் ஆணையிட்டார். பென்லோமண்ட் மூழ்கியது அதற்கு இரு மாதங்களுக்குப் பின். நூரம்பர்க் நீதிமன்றம் 1946இல் டோனிட்சைத் தண்டித்தபோது, நீர்மூழ்கிப் போர்விதிகளை மீறியதற்காக அத்தண்டனையை அளக்கவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் அவ்வாறே நடந்துகொண்டிருந்தமையை அது கருத்திற்கொண்டது. எல்லாரும் மீறிய விதிக்குத் தண்டிக்கத்தக்கவர் எவருமில்லை என்றாயிற்று.

திலாவாவை அழித்த ஐ-29இன் பிற்காலச் செய்தியும் நம் சிந்தனைக்குரியது. 1943 பிப்ரவரியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், ஐதராபாத்தைச் சேர்ந்த தம் தோழர் ஆபித் ஹசனுடன் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றில் ஏறிப் புறப்பட்டார். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் அருகே, கொந்தளிக்கும் கடலில், ரப்பர்த் தெப்பத்தின் வழியே இருவரும் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினர். சுமத்ராவை ஒட்டிய சபாங்கிற்கு அவர்களைக் கொண்டுசேர்த்த அந்த நீர்மூழ்கி ஐ-29. தென்கிழக்காசியத் தமிழர் பல்லாயிரவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த வரலாற்றின் தொடக்கத்தில் அக்கப்பல் நிற்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் 280 உயிர்களைக் கொன்ற கப்பலும் அதுவே. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்தல் எளிதன்று. ஒன்றை மட்டும் நினைத்து மற்றொன்றை மறத்தலும் நேர்மையன்று. 1944 ஜூலை 26 அன்று பிலிப்பைன்சுக்கு வடக்கே 'சாஃபிஷ்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கி ஐ-29ஐ மூழ்கடித்தது. அதன் படையினருள் ஒருவர் மட்டும் நீந்திக் கரைசேர்ந்தார் என்பர்.

லஸ்கர்கள்

திலாவாவின் 222 பணியாளர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமியரை 'லஸ்கர்' என்று அழைத்தனர். படையைக் குறிக்கும் 'லஷ்கர்' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. நம் நாட்டில் பொதுப்பணித் துறையில் மதகும் வாய்க்காலும் காக்கும் பணியாளருக்கு அப்பெயர் வழங்குவதை உழவர் அறிவர். மாலுமி, சுக்கான், சாரங்கு முதலிய சொற்களும் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து கடல்வழியே தமிழுக்கு வந்தவை. 'கற்பிப்பவர்' என்னும் பொருளுடைய 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே தமிழில் மாலுமி ஆயிற்று. வழியறிந்து கப்பலை நடத்தியவனை ஆசானாக மதித்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இச்சொல் சான்று.

பிரிட்டிஷ் கப்பல்களில் அம்மதிப்பு இல்லை. கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலையும், தளம் கழுவும் வேலையும், சமையல் வேலையும் லஸ்கர்களுக்கு உரியவை. வெள்ளை மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கே அவர்க்குக் கிடைத்தது. டார்ப்பிடோ தாக்கினால் பெரும்பாலும் முதலில் நீர் புகுவது கப்பலின் அடியிலுள்ள இயந்திர அறையில். போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமியர் கூடுதல் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர், சிறைக்கும் சென்றனர். நாட்டுப்பற்றில்லாதார் என்று அவரை ஏசியோரும் இருந்தனர். எவருடைய நாட்டுக்காக என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பின் அதில் தவறில்லை.

தமிழகக் கடலோடு உறவுடைய கப்பல் ஒன்றும் இவ்வரிசையில் உண்டு. ராஜூலாவுடன் ஒரே வடிவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் வழியில் போருக்கு முன் ஓடிய 'ரோனா' அது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், வானொலி அலையால் செலுத்தப்பட்ட ஜெர்மானியக் குண்டு அதனைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரரும் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல் பணியாளரும் மாண்டனர். இராணுவக் காரணங்களுக்காக அச்செய்தி பல்லாண்டு மறைக்கப்பட்டது.

போரில் கடலில் மறைந்த வணிக மாலுமியருக்கென இலண்டனில் டவர் ஹில் என்னுமிடத்தில் பெரியதொரு நினைவகம் உண்டு. வெண்கலப் பலகைகளில் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் லஸ்கர்களின் பெயரில்லை. பிரிக்கப்படாத இந்தியாவின் கடற்படையினரும் வணிக மாலுமியருமாக 6,000 பேரளவினரின் பெயர்கள் பம்பாய்க்கும் சிட்டகாங்குக்கும் உரிய நினைவேடுகளில் எழுதப்பட்டன. வெண்கலத்தில் பொறித்த பெயரை வழிப்போக்கரும் படிப்பர். ஏட்டில் எழுதிய பெயரைக் காண அவ்வேட்டைத் தேடிச் செல்லவேண்டும்.

மாலுமியருக்கேனும் ஏடு உண்டு. டர்பனில் கடை வைத்திருந்தவர்க்கும், அவரிடம் சென்ற மனைவிக்கும், அவள் இடுப்பிலிருந்த குழந்தைக்கும் போர் நினைவுச் சின்னங்களில் இடமளிக்க எவரும் எண்ணவில்லை. அவர் படைவீரரும் அல்லர், மாலுமியரும் அல்லர்.

வெள்ளியும் உயிரும்

இனி அந்த 2,364 வெள்ளிக் கட்டிகளுக்கு வருவோம். கடலடியில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் அவை 75 ஆண்டுகள் கிடந்தன. 2017ஆம் ஆண்டு தனியார் மீட்பு நிறுவனம் ஒன்று அவை அனைத்தையும் வெளிக்கொணர்ந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் சேர்த்தது. அவற்றின் மதிப்பு 4 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். மீட்டமைக்கு உரிய ஊதியம் வேண்டும் என்று நிறுவனமும், வெள்ளி தன்னுடையது, அயல்நாட்டு அரசாகிய தன்மீது இவ்வழக்கு செல்லாது என்று தென்னாப்பிரிக்க அரசும் வாதிட்டன. கீழமை நீதிமன்றங்கள் இரண்டும் நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2024 மே 8 அன்று பிரிட்டனின் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புகளை மாற்றித் தென்னாப்பிரிக்காவின் வாதத்தை ஏற்றது.

இவ்வழக்கைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. பொருளுக்கு உரியவர் அதைக் கேட்பதும், உழைத்தவர் கூலி கேட்பதும் முறையே. நம்மை உறுத்துவது வேறொன்று. வெள்ளிக் கட்டிகள் எத்தனை என்பது ஒன்று குறையாமல் சரக்குப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. யாருடையது, எங்கே செல்வது, எதற்கென்று வாங்கியது என்பவற்றுக்கெல்லாம் ஆவணம் இருந்தது. அதனால் 75 ஆண்டுகளுக்குப் பின்னும் அதற்கு உரிமை கோர முடிந்தது. அதே கப்பலில் இறந்த மக்களைப் பற்றி மிகப் பலரும் அறிந்தது 280 என்னும் எண் ஒன்றே.

அவ்வெண்ணைப் பெயர்களாக்கும் பணியைத் தொடங்கியவர் அரசினர் அல்லர். இறந்தோர், பிழைத்தோர் ஆகியோரின் வழித்தோன்றல்கள். பாட்டன் எந்தக் கடலில் மறைந்தார் என்று கேட்ட பேரர்கள் பழைய கடிதங்களையும் பட்டியல்களையும் தேடினர். பல நாடுகளில் பரவியிருந்த குடும்பங்களைத் தொடர்புகொண்டனர். கப்பல் மூழ்கி 80 ஆண்டு நிறைந்த 2022 நவம்பர் 23 அன்று மும்பையில் நினைவுக் கூட்டம் நடந்தது. குழந்தைப் பருவத்தில் அக்கப்பலில் சென்று பிழைத்து முதுமை எய்திய ஓரிருவர் தம் நினைவுகளைப் பதிவு செய்துள்ளனர். வெள்ளி மேலே வந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின் பெயர்கள் மேலே வரத்தொடங்கின.

நிறைவுரை

திலாவாவில் தமிழர் எவரும் இருந்தனரா என்று இக்கட்டுரையைக் கையெழுத்துப் படியில் படித்த நண்பர் ஒருவர் வினவினார். இருந்தால்தான் நினைப்போம் என்பது முறையாகாது என்று அவர்க்கு விடையளித்தோம். எனினும் அவ்வினாவில் ஒரு பயன் உண்டு. பிறர் தம் பாட்டனாரைத் தேடியதுபோல் நாம் நம்மவரைத் தேடியிருக்கிறோமா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல்களில் நம் கடற்கரை ஊர்களிலிருந்து ஏறியவர் பல்லாயிரவர். போர்க்காலத்தில் அவருட் கடிதம் வாராமற் போனவர் எத்தனை பேர்? எந்த ஏட்டில் அவர் பெயர் இருக்கிறது?

ஆகவே மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் மூத்தோரிடம் அமர்ந்து கேளுங்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம், யார் யார் சென்றனர், யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் பயணச்சீட்டும் பழைய கடிதமும் கிடைத்தால் படியெடுத்து வையுங்கள். ஊர்ப் பெரியவர்களும் பேரப்பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் தாமே கூறி எழுதச் செய்தல் வேண்டும். அவ்வாறு வரும் குறிப்பேடுகளை நம் தமிழ்த்துறையில் தொகுத்து வைக்க எண்ணியுள்ளோம்.

முதலில் குறிப்பிட்ட நம் குடும்பத்துப் பெரியவரிடம் அண்மையில் இதுபற்றிக் கேட்டோம். தம் தெருவில் கடிதம் வாராமற்போன வீடுகள் மூன்று என்றார். இரண்டு பெயர்களைச் சொன்னார். மூன்றாம் பெயரை நெடுநேரம் எண்ணிப் பார்த்தும் அவர் நினைவுக்கு வரவில்லை.